ஏழாவது குறிப்பு

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் அடிக்குறிப்பு. முதுகுக்குப் பின்னால்தான். வகுப்பில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடிப்பதற்குள் அதற்கு ஒரு விளக்கம், அந்த விளக்கத்துக்கு ஒரு விதிவிலக்கு, விதிவிலக்கைக் கண்டுபிடித்தவர் யார், அவர் பிற்பாடு யாரோடு சண்டை போட்டார் என்று போய்க்கொண்டே இருப்பார். மணியடித்துவிடும். அடுத்த வகுப்பில் விட்ட இடத்திலிருந்து சரியாகப் பிடித்துக்கொள்வார், அதுதான் ஆச்சரியம். பிள்ளைகள் வாய்க்குள்ளேயே சிரிப்பார்கள். இந்தப் பெயர் பேராசிரியருக்குத் தெரியும். மனைவி இருந்தவரை அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்திருக்கிறார். இப்போது சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லை.

அவருடைய துறை பொருளாதாரம். பொருளாதாரம் என்றதும் தங்கம் இறங்குமா, எந்தப் பங்கை வாங்கலாம் என்று கேட்பவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் ஆராய்ந்தது மனிதர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் முறைகளை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருக்காது, ஆனால் மீறினால் நாலு பேர் முகத்தைச் சுளிப்பார்கள், அந்த மாதிரி முறைகள். குழாயடியில் யாருக்கு முதல் குடம், சந்தையில் எந்த இடம் யாருடையது, எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் யார் பின்னால் போவது. இவையெல்லாம் எப்படி உண்டாகின்றன, யாரும் தடியெடுத்து நிற்காமலேயே எப்படி நிலைக்கின்றன என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வி. இதில் அவருக்கு ஓரளவு நல்ல பெயரும் உண்டு. வெளியூர்க் கருத்தரங்குகளில் மாலை வேளையில் அவரைச் சுற்றி நாலைந்து பேர் நிற்பார்கள். ஊர் திரும்பினால் பூட்டைத் திறந்து விளக்கைப் போட வேண்டியவர் அவர்தான்.

துறைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவருக்கு ஓர் அறை. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியும் சைக்கிள் ஷெட்டும் தெரியும். மேஜைக்கு இந்தப் பக்கம் அவர் நாற்காலி, அந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலி. வருகிறவர்கள் குறைந்துபோனதில் அதன் மேல் புத்தகங்கள் ஏறி உட்கார்ந்துவிட்டன. அந்த அறையில் ஒரு மத்தியான வேளையில்தான் அந்தக் கட்டுரை அவர் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தது.

படிப்பாளிகள் உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினால், இதழை நடத்துகிறவர் அதை விஷயம் தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்பி, போடலாமா வேண்டாமா என்று கேட்பார். எழுதியவர் யாரென்று மதிப்பிடுகிறவருக்குச் சொல்லமாட்டார்கள். மதிப்பிடுகிறவர் யாரென்று எழுதியவருக்கும் சொல்லமாட்டார்கள். தயவு தாட்சண்யம் இல்லாமல் தீர்ப்புச் சொல்லத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் எழுதியது யாரென்று மோப்பம் பிடிக்காமல் எந்தப் பேராசிரியருக்கும் சோறு இறங்காது. நடையைப் பார்ப்பார்கள், பிடித்த வார்த்தையைப் பார்ப்பார்கள், முக்கியமாகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், யார் யாருடைய எழுத்தையெல்லாம் மேற்கோள் காட்டியிருக்கிறது என்ற பட்டியலைப் பார்ப்பார்கள். யார் பெயர் அதிகமாக இருக்கிறதோ அவர்தான் ஆள். தன்னைத்தானே மேற்கோள் காட்டாமல் இருக்கிற அளவுக்கு அடக்கமானவர்கள் இந்தத் தொழிலில் குறைவு.

கட்டுரை ஒரு துறைமுகத்தின் லாரி நிலையத்தில் மூட்டை இறக்குகிறவர்களைப் பற்றியது. யார் எந்த லாரியை இறக்குவது என்பதற்கு அவர்களுக்குள் ஒரு வரிசை இருக்கிறது. எழுதிவைத்த வரிசை இல்லை, ஆனால் யாரும் அதைத் தாண்டுவதில்லை. பேராசிரியர் முதல் பக்கத்தைச் சும்மாதான் படித்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி வந்தது. 'இந்த வரிசையில் எல்லோரும் சமம். இந்த எல்லோரில் யாரெல்லாம் சேர்த்தி?' அந்த வரியில் அவர் நின்றுவிட்டார். இது நெட்டை கேட்கிற கேள்வி. குரலே கேட்டது.

நெட்டை என்பது அவருடைய நண்பனுக்கு அவர் வைத்த பெயர். ஆள் நல்ல உயரம். கதவு நிலையில் தலை இடிக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் போனதில்லை. இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே வருடம் வேலையில் சேர்ந்தவர்கள். சேர்ந்த புதிதில் இரண்டு பேருமாக ஒரு மொத்த மார்க்கெட்டுக்குப் போய் உட்கார்ந்தார்கள். அங்கேயும் மூட்டை இறக்குகிறவர்கள், அங்கேயும் இதே மாதிரி ஒரு வரிசை. உடம்பு சரியில்லாமல் ஒருவன் வராவிட்டால், மறுநாள் வந்ததும் முதல் லாரி அவனுக்கு. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. இருவரும் அசந்துபோனார்கள். விடிகாலையில் போய் டீ குடித்து, அழுகின முட்டைக்கோஸ் நாற்றத்தில் நின்று, பார்த்ததையெல்லாம் எழுதினார்கள். புத்தகமாகப் போடுவதென்று முடிவு. அத்தியாயங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பேராசிரியரின் வாழ்க்கையில் அதுபோல ஒரு காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கல்யாணம் உட்பட என்று மனைவியிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

கடைசி அத்தியாயத்தில்தான் முட்டிக்கொண்டது. ஒரு நாள் நல்ல மழை. மார்க்கெட்டின் தகரக் கூரை ஒழுகியது. ஒரு தார்ப்பாய்க்குக் கீழே இருவரும் ஒண்டி நின்றார்கள். எதிரே லாரியடியில் சிந்திய காய்களைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த பெண்களைக் காட்டி, "இவங்க ஏன் வரிசையில இல்ல?" என்று நெட்டை கேட்டான். "வரிசை ஒழுங்கா நடக்குதுன்னு நீ புல்லரிச்சுப் போற. வரிசையில யார் நிக்கலாம்னு முடிவு பண்ணது யாரு? அந்த மூட்டைக்காரங்க மேஸ்திரிதானே?" பேராசிரியருக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு முறை நிலைத்து நிற்கிறதென்றால் அது எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் நல்லது செய்கிறது, அதனால்தான் நிற்கிறது என்று அவர் எழுதிவைத்திருந்தார். "அது நம்ம அத்தியாயம் இல்ல," என்றார். நெட்டை விடவில்லை. பலசாலிக்கு எது சௌகரியமோ அதுதான் முறை என்று நிற்கும் என்றான். புத்தகம் அங்கேயே படுத்துவிட்டது.

அதன் பிறகு தன் பங்கு அத்தியாயங்களைப் பேராசிரியர் தனித்தனிக் கட்டுரைகளாக வெளியிட்டார். பெயர் கிடைத்தது. ஒரு பெரிய கூட்டத்தில் அவர் பேசி முடித்ததும் நெட்டை பின்வரிசையிலிருந்து எழுந்து, அந்த ஆளுயரத்துக்கும் நிமிர்ந்து நின்று, அதே கேள்வியைக் கேட்டான். அரங்கம் சிரித்தது. பேராசிரியருக்குக் காது சூடாகிவிட்டது. "சிலருக்கு ஆராய்ச்சி தேவையில்லை, கோஷம் போதும்," என்று பதில் சொன்னார். அரங்கம் இன்னும் பலமாகச் சிரித்தது. அன்றோடு பேச்சு நின்றது. பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். மனைவி இறந்தபோது நெட்டை வந்தான், கையைப் பிடித்தான், ஒன்றும் பேசாமல் போய்விட்டான். சண்டைக்காரன்கூட இதற்கு வராமல் இருக்கமாட்டான் என்று பேராசிரியர் நினைத்துக்கொண்டார்.

நடுவில் ஒன்று நடந்திருந்தது. சில வருடங்களுக்கு முன் அந்த மார்க்கெட்டை ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். பேராசிரியர் தனியாகப் போய்ப் பார்த்தார். எல்லாம் புதிது, ஆனால் வரிசை அப்படியே பழையது. கூட்டி அள்ளுகிற பெண்களும் பழையபடி வெளியேதான் நின்றார்கள். அதில் ஒருத்தி முன்பு பார்த்த ஒருத்தியின் மகள், முகத்திலேயே தெரிந்தது. நெட்டை சொன்னதுதான் சரி என்று அன்றைக்கே அவருக்குப் பட்டுவிட்டது. ஆனால் அதை எங்கேயும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவனிடம்தான் பேச்சு இல்லையே.

ஆகவே அந்த வரியைப் படித்ததும் அவர் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார். பட்டியலில் அவருடைய கட்டுரைகள் ஒன்று பாக்கியில்லாமல் இருந்தன. நெட்டை எழுதியது ஒன்றுகூட இல்லை. மார்க்கெட்டைப் பற்றி நெட்டையும் ஒரு நல்ல கட்டுரை எழுதியிருக்கிறான். இந்த விஷயத்தை எழுதுகிற எவனும் அதை விட்டுவிட முடியாது. விட்டிருக்கிறதென்றால் என்ன அர்த்தம்? ஆள் தெரியக் கூடாது என்று தன் பெயரைத் தானே எடுத்துவிட்டிருக்கிறான். நெட்டையை ஒதுக்கிவிட்டு எழுதக்கூடிய ஒரே ஆள் நெட்டைதான். பேராசிரியர் மேஜையைத் தட்டினார். "மாட்டிக்கிட்டான்," என்று வாய்விட்டுச் சொன்னார்.

அதற்கப்புறம் அவர் கட்டுரையைப் படித்தது வேறு மாதிரி. ஒவ்வொரு பக்கத்திலும் தன்னுடைய எழுத்தை மரியாதையோடு எடுத்துச் சொல்லி, அதை மறுக்காமல், அதற்கு மேல் ஒரு படி போயிருப்பதைப் பார்த்தார். வரிசை எல்லோருக்கும் நல்லது செய்கிறது என்பது உண்மை, உள்ளே இருக்கும் எல்லோருக்கும். இரண்டு பேர் கட்சியையும் சேர்த்துத் தைத்த மாதிரி இருந்தது. இவ்வளவு வருடம் கழித்து அவன் கையை நீட்டுகிறான், அதையும் நேராக நீட்டத் தெரியாமல் ஆய்விதழ் வழியாக நீட்டுகிறான் என்று நினைத்தார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

தன் அறிக்கையில் முதல் ஆறு குறிப்புகளை ஒழுங்காகவே எழுதினார். தரவு எங்கே போதவில்லை, எந்த வாதம் அவசரப்படுகிறது, எந்தப் பத்தியை வெட்டலாம். ஏழாவதாக இப்படி எழுதினார்:

'7. கட்டுரையாளருக்கு அந்த மழை நாள் நினைவிருக்கும். தார்ப்பாய்க்குக் கீழே எழுந்த கேள்விக்கு, அது நம் அத்தியாயம் இல்லை என்று ஒரு பதில் சொல்லப்பட்டது. அந்தப் பதில் தவறு. அதுதான் கடைசி அத்தியாயமாக இருந்திருக்க வேண்டும். அதை இப்போதாவது எழுதுவது குறித்துக் கட்டுரையாளர் என்ன நினைக்கிறார் என்று அறிய மதிப்பீட்டாளர் ஆவலாக இருக்கிறார்.'

இதை எழுதி முடிக்க அவருக்கு ஒரு வாரம் ஆனது. 'தவறு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'முழுமையற்றது' என்று போட்டுப் பார்த்தார். பிறகு நெட்டை இதைப் படித்தால் எப்படிச் சிரிப்பான் என்று தோன்றியதும் மறுபடி 'தவறு' என்றே ஆக்கி அனுப்பினார். இதழை நடத்துகிறவர் ஆயிரம் வேலை உள்ளவர். முதல் குறிப்பைப் பார்த்து, கடைசியில் 'திருத்தியபின் வெளியிடலாம்' என்று இருப்பதைப் பார்த்து, அப்படியே எழுதியவருக்குத் தள்ளிவிட்டார்.

பதில் வரும்வரை பேராசிரியர் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்திருந்தால் பிள்ளைகள் வேறு பெயர் வைத்திருப்பார்கள். எதிர் நாற்காலியில் இருந்த புத்தகங்களை எடுத்து அலமாரியில் அடுக்கினார். பழைய கோப்பிலிருந்து புத்தகத்தின் அத்தியாயங்களைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். கடைசி அத்தியாயம் எப்படித் தொடங்க வேண்டும் என்று நடக்கும்போதெல்லாம் மனதுக்குள் நெட்டையோடு பேசிக்கொண்டு போனார். சில சமயம் கையும் ஆடியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய அக்கா போன் செய்வாள். தம்பிக்கு அறுபது நெருங்குகிறது என்பதை அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

"சாப்டியா?"

"சாப்டேன்."

"என்ன சாப்ட?"

"சாப்பாடுதான்."

"கேன்டீன்ல எதையோ வாங்கிப் போட்டுக்கிட்டு வந்திருப்ப. அது சரி, குரல் தெளிவா இருக்கே. என்னடா விசேஷம்?"

"நெட்டை ஒரு கட்டுரை எழுதியிருக்கான்."

"பேசிட்டானா? அப்பாடா. என்ன சொன்னான்?"

"பேசலக்கா. கட்டுரை எழுதியிருக்கான். அதுல அவன் பேர் இருக்காது. நான் அதுக்குக் குறிப்பு எழுதியிருக்கேன். அதுல என் பேர் இருக்காது."

"ரெண்டு பேர்கிட்டயும் போன் இருக்குதானே?" என்றாள் அக்கா.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"எனக்குப் புரிய வேணாம்பா. நீங்க ரெண்டு பேரும் புரிஞ்சு கிழிச்சது போதும்."

பதில் வந்தது. ஒவ்வொரு குறிப்புக்கும் எழுதியவர் வரிசையாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் அந்த வழக்கத்தில் சேர்த்தி. முதல் ஆறையும் பேராசிரியர் படிக்கவே இல்லை. நேரே ஏழுக்குப் போனார்.

'மழை நாளைச் சுட்டிக்காட்டியதற்கு மதிப்பீட்டாளருக்கு மிக்க நன்றி. இது நான் கவனிக்கத் தவறிய முக்கியமான காரணி. மழை பெய்த நாட்களைத் தனியே பிரித்து மறுபடி கணக்கிட்டேன். முடிவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. புதிய அட்டவணையைப் பார்க்கவும். தார்ப்பாய் பற்றிய தகவல்களைத் திரட்ட இயலவில்லை. இதை ஆய்வின் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கடைசி அத்தியாயம் பற்றிய அக்கறைக்கு நன்றி. இக்கட்டுரை என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. கடைசி அத்தியாயத்தை அடுத்த ஆண்டு எழுதலாம் என்று என் வழிகாட்டி கூறியிருக்கிறார்.'

பேராசிரியர் முதலில் சிரித்துவிட்டார். நெட்டையின் நக்கல் அப்படியே இருக்கிறது என்று நினைத்தார். தார்ப்பாயைக் குறைபாடுகளில் சேர்த்தானாம்! சிரித்துக்கொண்டேதான் புதிய அட்டவணையைத் திறந்தார். அது நிஜமான அட்டவணை. மழை நாள், மழையில்லா நாள், தசம எண்கள், ஓரத்தில் நட்சத்திரக் குறிகள், கீழே எந்த வானிலை நிலையத்தின் தகவல் என்ற விவரம். நெட்டை வாழ்க்கையில் ஓர் அட்டவணை போட்டதில்லை. கட்டம் கட்டினாலே அவனுக்குக் கை நடுங்கும். இது எங்கேயோ ஒரு விடுதி அறையில் உட்கார்ந்துகொண்டு, பெரியவர் யாரோ மழையைப் பற்றிக் கேட்டுவிட்டாரே என்று பயந்து, நாட்கணக்காகக் கணக்குப் போட்ட ஒரு பிள்ளையின் வேலை.

அவமானம் என்றால் அப்படி ஓர் அவமானம். நல்லவேளை யாருக்கும் தெரியாது என்று நினைத்தார். அந்த ஆறுதலும் நிற்கவில்லை. பட்டியல் நினைவுக்கு வந்தது. நெட்டையின் கட்டுரை அதில் இல்லாததற்குக் காரணம் யாரும் அதை ஒளித்தது அல்ல. அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு கட்டுரை இருப்பதே தெரியாது. நெட்டையின் கேள்வியையே தானாகக் கண்டுபிடித்து, அதைப் புதிதாகக் கேட்டது தான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நெட்டையை இப்போது யாரும் படிப்பதில்லை. அதில் தனக்கும் பங்கு உண்டு என்பது பேராசிரியருக்குத் தெரியும். தன்னுடைய ஒரு கட்டுரையிலும் அவர் அவன் பெயரைப் போட்டதில்லை. பிறகு வந்தவர்கள் எல்லாம் அவருடைய பட்டியலைப் பார்த்துத்தான் தங்கள் பட்டியலைப் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, தப்பான ஆளிடம். இனி சரியான ஆளிடம் சொல்வதில் என்ன கூச்சம் என்று ஒரு வேகம் வந்தது. வேகம் அடங்குவதற்குள் போனை எடுத்தார். பழைய நம்பர்தான் இருந்தது. மணி போனது. எடுத்தது நெட்டையின் மனைவி.

"அண்ணே! நீங்களா? நல்லா இருக்கீங்களா? எத்தனை வருஷம் ஆச்சு!"

"இருக்கேம்மா. நீ நல்லா இருக்கியா? அவன் இருக்கானா?"

"இருக்கார், இருக்கார். ஏங்க, யாருன்னு பாருங்க."

செருப்புத் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"டேய்," என்றான் நெட்டை. "என்னடா, திடீர்னு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒரு விஷயம் சொல்லணும். அந்த மார்க்கெட் விஷயத்துல நீ சொன்னதுதான்டா சரி. அந்தப் பொம்பளைங்க. கூட்டத்துல அப்படிப் பேசியிருக்கக் கூடாது நான்."

"எந்தக் கூட்டத்துல?"

"நீ எழுந்து கேள்வி கேட்டியே. நான்கூட, கோஷம் அது இதுன்னு…"

"ஓ, அதுவா!" நெட்டை சிரித்தான். "நல்லாச் சொன்ன அன்னைக்கு. வீட்டுக்கு வந்து இவகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். அதுக்கென்ன இப்போ?"

"அதுலதானே பேச்சு நின்னுச்சு."

"யார் பேச்சு?"

"நம்ம பேச்சுதான்டா. சண்டை."

"நமக்குள்ள சண்டையா?" என்றான் நெட்டை. அவன் விளையாடவில்லை. "எனக்குத் தெரியாதேடா. நீ பெரிய ஆளாயிட்ட, ஊர் ஊராப் போற, நேரமில்லன்னு நெனச்சேன். நான் ரெண்டு தடவை போன் பண்ணேன், நீ எடுக்கல. சரி, தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்."

எடுக்காதது உண்மை. சமாதானத்துக்கு வருகிறான், கொஞ்சம் காயட்டும் என்றுதான் எடுக்காமல் இருந்தார்.

"உன் வீட்டுக்காரி போனப்போ வந்தேனே," என்றான் நெட்டை. "கையைப் பிடிச்சேன். நீ வேற எங்கயோ பார்த்துக்கிட்டு இருந்த. சரி, நம்ம மேல இவனுக்கு ஒட்டுதல் போயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். மொதல்ல ரெண்டு மூணு வருஷம் கஷ்டமாத்தான் இருந்துச்சுடா. அப்புறம் பழகிடுச்சு."

நெட்டையே பேசினான். வேலையிலிருந்து சீக்கிரமே விலகிவிட்டானாம். இப்போது குடியிருக்கும் அபார்ட்மெண்டுக்குச் செயலாளராம். "சிரிக்காத. யார் காரை யார் எடத்துல விட்டாங்கன்னு டெய்லி பஞ்சாயத்து. ஆனா பாரு, யாரும் சொல்லாமலே அவங்களுக்குள்ளயே ஒரு முறை வந்துடுச்சு, அவங்களே பாத்துக்கறாங்க. நீ எழுதினது பாதிக்கு மேல சரிடான்னு உனக்கு ஒரு நாள் சொல்லணும்னு இருந்தேன். மறந்தே போச்சு."

"நெட்டை, அந்தக் கடைசி அத்தியாயத்தை இப்ப எழுதலாமாடா? சேர்ந்து?"

"நான் அதெல்லாம் விட்டுட்டேன்டா," என்றான் அவன். குரலில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. "நாலு பக்கம் படிச்சா தூங்கிடறேன். நீ எழுது. நல்லா எழுதுவ. சரி, கீழ மீட்டிங் இருக்கு, லிஃப்ட் விஷயம், காத்துக்கிட்டிருப்பாங்க. வைக்கட்டுமா?"

வைத்துவிட்டான். பேராசிரியர் போனை மடியில் வைத்துக்கொண்டு இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது. அழுதார். வீட்டில் யாரும் இல்லாததில் ஒரு சௌகரியம், தடுக்கவும் ஆளில்லை.

அழுது முடித்த பிறகும் புத்தி அதன் வேலையை விடவில்லை. அவர் கட்சிப்படி, ஒரு முறை நிலைத்து நிற்கிறதென்றால் அதில் எல்லோருக்கும் ஏதாவது நன்மை இருக்க வேண்டும். நெட்டை கட்சிப்படி, பலசாலி ஒருவனுக்காவது இருக்க வேண்டும். இந்தப் பேசாத முறையில் யாருக்கு என்ன நன்மை? அவருக்கு இல்லை, அவனுக்கும் இல்லை. இருந்தும் பத்துப் பன்னிரண்டு வருடம் மார்க்கெட் வரிசையைவிட ஒழுங்காக அது நடந்தது. அவன் கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார், இவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அவன் இருந்தான், பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. இதைப் பற்றி அவர் எங்கேயும் எழுதவில்லையே என்று நினைத்தார். உடனே, இதைச் சொன்னால் முதலில் மறுப்பவன் நெட்டைதான் என்றும் தோன்றியது.

மறுநாள் அந்தப் பிள்ளையின் கட்டுரைக்கு இரண்டாவது அறிக்கை எழுதினார். கட்டுரையை வெளியிடலாம், மழை அட்டவணை தேவையில்லை, எடுத்துவிடலாம், அது மதிப்பீட்டாளரின் பிழை என்றார். நெட்டையின் கட்டுரை விவரத்தைக் கொடுத்து, இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் இவர், இதைப் படித்துவிட்டுக் கடைசி அத்தியாயத்தை எழுதவும் என்று சேர்த்தார். அனுப்பிவிட்டு நெட்டைக்குப் போன் செய்தார். அவன் மனைவிதான் எடுத்தாள். லிஃப்ட் ரிப்பேர் ஆட்களோடு கீழே நிற்கிறானாம். "வந்ததும் பேசச் சொல்றேண்ணே."

அன்று முழுக்க அவன் பேசவில்லை. அடுத்த நாளும் இல்லை. பேராசிரியருக்குக் காது மெல்லச் சூடாகத் தொடங்கியது. நாம் இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று. இனி அவன் முறை. அவனாகக் கூப்பிடட்டும். இந்த நினைப்பு வந்ததும் அவருக்குத் திடுக்கென்றது. வகுப்புக்குப் போகிற வழியில் மாடிப்படியிலேயே நின்றுவிட்டார். பிள்ளைகள் ஒதுங்கி ஏறிப் போனார்கள். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று போன் செய்தார்.

இந்தத் தடவை நெட்டைதான் எடுத்தான். "டேய், சாரிடா. இவ சொன்னா, அப்புறம் மறந்துட்டேன். என்ன விஷயம், சொல்லு."

"விஷயம் ஒண்ணும் இல்ல."

"விஷயம் இல்லாமயா வேலை நேரத்துல போன் பண்ற?"

கட்டுரையைப் பற்றிச் சொல்லலாம். லிஃப்டைப் பற்றிக் கேட்கலாம். வாய்க்கு வந்ததையெல்லாம் அவர் தள்ளிவிட்டார்.

"எனக்குப் பேச வேற ஆள் இல்லடா," என்றார்.

நெட்டை பெருமூச்சு விடுவது கேட்டது.

"இதை நான் வந்து கையைப் பிடிச்ச அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றான்.